பளபளக்கா புதைத்த காசு

வேலையில் இருந்த காலம் முழுக்க மெஷின் கத்திவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்த மனிதர், வேலை போன பிறகு மெஷின் ஒரு தடவையாவது கத்தித் தொலைக்காதா என்று அலைந்தார். இதைத் தலையெழுத்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள்தான் பளபளக்கா. கதை அவளுடையது. ஆனால் புருஷனை விட்டுவிட்டு அவளைச் சொல்ல முடியாது என்பதால் முதலில் அவரைச் சொல்லிவிடலாம்.

அவர் பிஸ்கட் கம்பெனியில் இருந்தார். மாவு பிசைகிற இடத்திலும் இல்லை, அடுப்புப் பக்கமும் இல்லை. பொட்டலங்கள் வெளியே வரும் பெல்ட்டின் கடைசியில் ஒரு ஸ்டூல், அதுதான் அவர் இடம். பெல்ட் ஒரு கூண்டுக்குள் புகுந்து வெளியே வரும். பொட்டலத்துக்குள் ஆணியோ, மெஷினிலிருந்து கழன்ற திருகோ இருந்தால் கூண்டு கத்தும், பெல்ட் நிற்கும், மேனேஜர் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடி வருவார். கத்தாதவரைக்கும் எல்லாருக்கும் நல்லது. கத்தாத கூண்டையே பார்த்துப் பார்த்து அவருக்குத் தலை நரைத்தது. பிறகு கம்பெனியை யாரோ வாங்கினார்கள், பூட்டினார்கள், இடித்தார்கள்.

“நான் செல்லாக்காசு ஆயிட்டேன்” என்று பூட்டின அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னார்.

அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். “சர்க்கரை போடவா?” என்று கேட்டாள். ஆறுதல் சொல்லத் தெரியாதவள் இல்லை. அன்று ஆள் குறைவென்று காலை ஷிப்டும் பகல் ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வாயைத் திறப்பதே பெரிய வேலையாக இருந்தது.

அவள் வேலை ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் முடிந்து வரும் சாமான்களைக் கழுவும் அறை. கத்தரி, இடுக்கி, கொக்கி, தட்டு என்று தட்டுத் தட்டாக வந்து விழும். ஒவ்வொன்றையும் பிரித்து, மடிப்புக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, அப்புறம்தான் கொதிநீராவிப் பெட்டிக்குள் போக விடுவாள். அவள் கழுவிய தட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஹெட் நர்ஸ் சொல்வார். பளபளக்கா என்று பெயர் வைத்ததும் அவர்தான். வீட்டிலும் அவளுக்குக் கை நிற்காது. சாவிக்கொத்தைக் கழுவுவாள். சில்லறையைக் கழுவுவாள். சோப்பைக்கூட ஒரு தடவை கழுவிவிட்டுத்தான் கை கழுவ எடுப்பாள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கேலி உண்டு. அது பொய்யும் இல்லை.

கழுவுகிற கைக்குக் கூலி தோலில்தான் கிடைத்தது. அந்த மருந்துத் தண்ணீரில் கையுறைக்குள்ளும் விரல்கள் வெந்தன. விரல் முட்டிகளில் தோல் வெடித்தது. புருஷனுக்கு வேலை போன பிறகு, ஒரு ஷிப்டுக்கு இரண்டாகப் பார்க்க ஆரம்பித்தாள் அல்லவா, அப்போதிலிருந்து ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரே ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி, “ரெண்டாவது ஷிப்ட விட்டுடுங்கம்மா. இல்லன்னா கை உங்கள விட்டுடும்” என்றார்.

விட்டுவிடலாம்தான். புருஷன் வேலைக்குப் போனால் விட்டுவிடலாம். புருஷன் எங்கே போனார்? ஆற்றங்கரைப் பொட்டலுக்குப் போனார்.

பழைய இரும்புக் கடையில் யாரோ போட்டுவிட்டுப் போன மெட்டல் டிடெக்டர் ஒன்றை அவர் வாங்கி வந்தார். நீளக் கம்பு, அடியில் தட்டு, காதில் மாட்ட ஹெட்போன். தட்டுக்குக் கீழே உலோகம் இருந்தால் காதில் சத்தம் கேட்கும். ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் வாரச்சந்தை கூடிய பொட்டல் இருந்தது. சந்தை போய் எத்தனையோ காலமாயிற்று. சனம் கூடிய இடத்தில் காசு விழாமல் இருக்குமா என்பது அவர் கணக்கு. பொட்டலைக் கயிறு கட்டி வரிசை வரிசையாகப் பிரித்தார். ஒரு வரிசையை முடித்தால் அடுத்த வரிசையின் தலைமாட்டில் ஒரு குச்சி நட்டு வைப்பார். அங்கேயும் பெல்ட்தான், கூண்டுதான். என்ன, இப்போது பெல்ட் நின்றது, அவர் நடந்தார்.

கிடைத்தது சோடா மூடி. அப்புறம் ஆணி, குதிரை லாடத்தில் பாதி, சாவி, ஜிப், மறுபடியும் சோடா மூடி. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்களில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தார். “மண்ணோட வந்தது மண்ணோட இருக்கட்டும், நீ கை வைக்காதே” என்று சொல்லிவைத்திருந்தார். அவளும் வைக்கவில்லை. சோடா மூடியைக் கழுவ அவளுக்கு மட்டும் என்ன ஆசையா?

இதற்கிடையில் அவள் அண்ணன் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தார். அண்ணன் ஒரு பெரிய கிடங்கில் லாரி ஓட்டுபவர். நல்லவர்தான், நாக்குதான் நீளம். ஒருநாள் அவர் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “என்ன மாப்ள, தோண்டித் தோண்டி ஒரு செல்லாக்காசாவது கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டார்.

செல்லாக்காசு என்ற சொல் எங்கே போய்க் குத்தும் என்று அண்ணனுக்கு எப்படித் தெரியும்? பளபளக்காவின் புருஷன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“கிடைக்கும் மச்சான். அந்த மண்ணுக்குள்ளேருந்து ஒரே ஒரு பழைய காசு. அது வர்ற அன்னிக்கு மெஷின பரண்ல போட்டுட்டு நீங்க கைகாட்டுற வேலைக்கு வர்றேன். அதுவரைக்கும் என்கிட்ட யாரும் வேலையப் பத்திப் பேசக்கூடாது.”

சொன்ன சொல்லை மாற்றாத மனிதர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மழை வந்து போனது. வெயில் வந்தது. குச்சி ஒவ்வொரு வரிசையாகத் தள்ளிக்கொண்டே போயிற்று, காசு மட்டும் வரவில்லை. பொட்டலில் இன்னும் கொஞ்ச வரிசைகளே பாக்கி இருந்தபோது அண்ணன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து தங்கையைப் பார்த்தார்.

“கிடங்கு கேட்டுல ஒரு ஆள் வேணும்மா. வர்ற லாரிய நிறுத்தி நம்பர் பார்த்து உள்ள விடணும், அவ்வளவுதான். நிழல்ல ஒக்காந்து பாக்கற வேலை. மாப்ளைக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை காலைல ஆள் வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க.”

“அவர்தான் சத்தியம் பண்ண மாதிரி பேசிட்டாரே.”

“நான் வேணா கால்ல விழவா? என் வாய்தானே கெடுத்துச்சு.”

“நீ விழுந்தாலும் அவர் குனிஞ்சு உனக்குக் கீழ காசு இருக்கான்னுதான் பார்ப்பார். போ, நான் பாத்துக்கறேன்.”

பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிய்க்கும்போது முட்டி வெடிப்பில் ரத்தம் வந்தது. அவர் பார்த்தார். எழுந்து போய்த் துணி கிழித்துக்கொண்டு வந்து கட்டிவிட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. இதற்கு மேல் தன்னால் முடியாது என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பகலில் ஷிப்ட் முடிந்து, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் பழைய சாமான் கடை கண்ணில் பட்டது. எத்தனையோ நாள் கடந்து போன கடைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டில் பழைய காசுகள் கிடந்தன. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கடைக்காரர் ஒரு வெள்ளிக் காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அட்டைக் கறுப்பு. மீசை வைத்த ஒரு ராஜாவின் தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“கறுப்பா இருக்கேன்னு பாக்காதீங்கம்மா. அந்தக் கறுப்புதான் இதுக்கு அழகு. தெரிஞ்சவங்க அத வெச்சுத்தான் வாங்குவாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் காதிலேயே அது நுழையவில்லை. எந்த வரிசையில், எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்ற யோசனையிலேயே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். அவர் மெஷினுக்குப் பேட்டரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள், தண்ணீர் பாட்டிலைக் கழுவினாள், பிறகு கைக்குட்டையைப் பிரித்து அந்தக் காசையும் கழுவினாள். சும்மா கழுவவில்லை. பழைய பல் பிரஷ், கொஞ்சம் உப்பு, பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி. ராஜாவின் மீசையில் முடி முடியாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் துடைத்து வைத்தாள். ஏன் கழுவினாய் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள். கழுவினோம் என்பதே அவள் நினைவில் இல்லை. மூச்சு விட்டதை யாராவது நினைவு வைத்துக்கொள்வார்களா?

வெயில் தாழ்ந்ததும் பொட்டலுக்குப் போனாள். பையில் ஒரு பெரிய கரண்டி. அவர் நட்ட குச்சி நின்றிருந்தது. நாளைக்கு அந்த வரிசைதான். பாதி வரிசைக்குப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, புல்லை வேரோடு ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டுத் தோண்டினாள். மண் இறுகிக் கிடந்தது. அவர் இதைத்தான் இத்தனை நாளும் தோண்டிக்கொண்டிருந்தாரா என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, “என்னம்மா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றாள். அது உண்மைதான். காசை வைத்து மண்ணைத் தள்ளி, புல்லை மூடி, செருப்புக்காலால் மிதித்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காலை ஷிப்ட் இருந்தது. கிளம்பும்போது அவர் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குக் கிடைக்கும்னு தோணுதுங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. “உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்” என்றார்.

கழுவும் அறையில் அன்று அவள் மட்டும்தான். அவள் ஒரு பழைய கத்தரியை வைத்துப் போராடிக்கொண்டிருந்தாள். பிடியில் ஒரு கறுப்பு, என்ன தேய்த்தாலும் போகவில்லை. ஹெட் நர்ஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“விடுக்கா. அது உன் வயசு. பழசுன்னா கறுப்பாத்தான் இருக்கும். பளபளன்னு இருந்தா பழசுன்னு எவன் நம்புவான்?”

கத்தரி தொட்டிக்குள் விழுந்தது. கழுவினேனே! எலுமிச்சை மூடி போட்டுத் தேய்த்தேனே! அந்தக் கடைக்காரர் சொன்னதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே நுழைந்தது. சந்தை போய் அத்தனை காலமாக மண்ணுக்குள் கிடந்த காசு, நேற்றுக் கடையில் வாங்கின கம்மல் மாதிரி மின்னிக்கொண்டு வெளியே வரும். ஆணிக்கும் மூடிக்கும் காதிலேயே வித்தியாசம் சொல்கிற மனிதர் அவர். அவருக்குத் தெரியாமல் போகுமா? வேலை போனால் போகிறது. பெண்டாட்டியே தன்னை முட்டாளாக்கப் பார்த்தாள் என்றல்லவா ஆகிவிடும். ஏற்கெனவே செல்லாக்காசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆளை இதைவிடக் கேவலமாக என்ன செய்ய முடியும்? ஓடிப்போய்த் தோண்டி எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். தொட்டி நிறையச் சாமான் கிடந்தது. அறையில் வேறு ஆள் இல்லை. எங்கே ஓடுவது? கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கை சுத்தமாக இல்லை.

அவள் வீடு திரும்பியபோது அவர் இன்னும் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அணைத்தாள். மறுபடி வைத்தாள். அவர் வந்து மூஞ்சியில் விட்டெறிந்தால் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் நன்றாக இல்லை.

வாசலில் மெஷினைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“கிடைச்சிடுச்சு” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். அப்பிய மண்ணோடு ஒரு வட்டம். மண்தான் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜாவும் தெரியவில்லை, மீசையும் தெரியவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அவர் பார்க்கவில்லை! ஈர மண் ஒட்டிக் காப்பாற்றிவிட்டது. பரண், கிடங்கு வேலை, ஒரே ஷிப்ட் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் ஓடின. அந்தச் சந்தோஷத்திலோ என்னவோ, பாழாய்ப்போன கை தானாக நீண்டது.

“குடுங்க, கழுவித் தர்றேன்.”

அவர் காசின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

“வேணாம்மா. ஒரு தடவ நீ கழுவினதே போதும்.”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அணைக்கவில்லை.

“எப்படி…” என்றாள்.

“பாதி வரிசைல புல்லு நிமிந்து நிக்குது. தோண்டினா மண்ணு பொலபொலன்னு வருது. சரி, மச்சான்தான் வெளையாடறாருன்னு நெனச்சேன். எடுத்துப் பாத்தா கண்ணு கூசுது.” அவர் சிரித்தார். சத்தமே வராத சிரிப்பு. “உன்னத் தவிர இந்த ஊர்ல யாரு காசக் கழுவிப் புதைப்பாங்க?”

“அப்ப இந்த மண்ணு?”

“நான்தான் எச்சி தொட்டுப் பூசினேன். உனக்குத் தெரியவே கூடாதுன்னு வழியெல்லாம் நெனச்சுட்டு வந்தேன். நீ கைய நீட்டினியா, வாய் நிக்கல.”

அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமும் களைப்பும் சேர்ந்துகொண்டு நிற்காமல் வந்தது. “உங்கள ஏமாத்திட்டேங்க. என்னால முடியலங்க. உங்கள ஏமாத்தணும்னு இல்லங்க, முடியல.”

“தெரியும். கொஞ்ச நாளா உன் கையத்தான் பாத்துட்டு இருக்கேன்.” அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கும் அலுத்துப்போச்சும்மா. வாய்விட்டுச் சொல்லிட்டேன், எறக்கி வைக்க வழி தெரியல. இந்த முழங்கால் வலியோட தெனம் சோடா மூடி எடுக்க எனக்கு மட்டும் ஆசையா?”

அவர் நிஜமாகவே சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

“ஆனா இது நீங்க தேடின காசு இல்லையே.”

“மண்ணுக்குள்ளேருந்து பழைய காசு வரணும்னு சொன்னேன், வந்துச்சு. மெஷின் கத்திச்சு. உள்ள யாரு வெச்சதுன்னு நான் ஒண்ணும் சொல்லலையே.” காசில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் தடவினார். “இத்தன வருஷத்துல எனக்குக் கிடைக்கணும்னு ஒருத்தர் முட்டி போட்டுத் தோண்டி ஒண்ண வெச்சது இதான் மொத தடவ. அது போதும் எனக்கு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் கொஞ்ச வரிசை பாக்கி இருக்கில்ல?”

“இருக்கு.”

அவர் எழுந்து போய் வாசலிலிருந்து மெஷினை எடுத்து வந்தார். பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஹெட்போன் ஒயரைக் கம்பில் சுற்றினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணுக்குக் கீழே ஏறி நின்று, “எடுத்துக் குடும்மா” என்று கையை நீட்டினார்.

அவள் மெஷினைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அடித்தட்டு முழுக்க அன்றைய ஈர மண்ணும் இரண்டு புல்லும் ஒட்டியிருந்தன. அந்த வீட்டுப் பரணுக்கு எது போனாலும், உடைந்த குடையே ஆனாலும், கழுவித் துடைத்துக் காயவைத்துத்தான் போகும். அவருக்கும் அது தெரியும். அதனால் ஸ்டூலில் நின்றபடியே காத்திருந்தார்.

“தொடைக்கணுமா?” என்று கேட்டார்.

“வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி, மண்ணோடு தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.